பார்வை மங்கின் அறிவும் மங்குமோ?

எழுவைதீவில் வாழ்ந்த என் அம்மம்மா, முதுமையில் எதிரே வந்தவரை இனங்காணத் தடுமாறினார். காசுத்தாள்களை மாற்றிக் கொடுத்தார். ‘கிழவிக்கு அறளை பெயர்ந்துவிட்டது’ என ஊர் தீர்ப்புக் கூறிற்று. வீட்டாராகிய நாமும் மறுத்தோமல்லோம். வீட்டுக் கணக்கை அவரிடம் காட்டுவதையும் நிறுத்திக்கொண்டோம். பின்னர் கடல் கடந்து யாழ்ப்பாணம் அழைத்துச் சென்று கண்புரை நீக்குவித்தபோதே, நாம் அறிவுக்குறை எனக் கொண்டவற்றுட் பெரும்பகுதி பார்வைக்குறையே என்பது புலனாயிற்று. கண்ணின் குறையைக் கொண்டு அறிவை அளத்தல் அறமாகுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினா மருத்துவத்திலும் உண்டு. ‘மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ்’ என்னும் நரம்புநோய் நம் நாட்டில் அரிது. நிலநடுக்கோட்டிற்குத் தொலைவான நாடுகளிலேயே மிகுதி. மூளையிலும் முண்ணாணிலும் நரம்பிழைகளைப் போர்த்துள்ள உறை இதனாற் சிதைகிறது. செய்தி கடத்தல் தாமதமாகிறது. பார்வை நரம்பு பலரிடம் முதலிலேயே தாக்குறும். ஆங்கில அரசர் மூன்றாம் ஜோர்ஜின் பேரரான ஒகஸ்டஸ் டெஸ்ரே, 1822இல் தம் பார்வை மங்கியதையே நோயின் தொடக்கமாக நாட்குறிப்பில் எழுதினார். 1868இல் இந்நோயைத் தெளிவுற விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ, நோயாளரின் நினைவு தளர்தலையும் எண்ணம் மெதுவாதலையும் குறித்தார்.

இந்நோயாளரின் சிந்தனை வேகத்தை அளக்க ஒரு சோதனை பெரிதும் வழங்குகிறது. தாளிலுள்ள குறிகளுக்கு உரிய எண்களை 90 விநாடிகளுள் இயன்றவரை கூறவேண்டும். பார்வை குன்றியோர் இதிற் குறைந்த புள்ளி பெறுதல் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. தாமதித்தது மனமா, கண்ணா? கண்ணே எனில், சோதனை அவரைத் தவறாக அளந்துவிட்டது. ஆயினும் விழித்திரை மூளையினின்று கிளைத்து வளர்ந்த உறுப்பு. ஒரே நோய் இரண்டையும் ஒருங்கே கெடுத்திருக்கலாம். ஆகவே ‘கண் மட்டுமே பழுது’ என ஆறுதல் கூறுவதும் சிலவேளை பொய்யாகும். செவிவழிக் கேட்ட எண்களைக் கூட்டச் சொல்லும் சோதனையும் உண்டு. இருவழியாலும் அளந்த பின்னன்றி முடிவு கூறாமையே நேர்மை.

நம் தத்துவ மரபு இவ்வேறுபாட்டை நன்கு அறிந்தது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பொறிவழி வரும் வாயிற்காட்சியையும் மனத்தால் நிகழும் மானதக்காட்சியையும் பிரித்து வைத்தார். கருவி வேறு, அறிபவன் வேறு. எனினும் கருவியின் துணையின்றி உயிர் உலகை அறியாது என்பதும் சைவ சித்தாந்தமே. இதிலிருந்து இரு கடமைகள் பிறக்கின்றன: கருவி பழுதாயின் அறிபவனை இகழாதிருத்தல் ஒன்று, அக்கருவியைத் திருத்தித் தருதல் மற்றொன்று. முன்னதை மட்டும் செய்து அமைதல் வெறும் இரக்கமேயாகும்.

எமது தீவின் வெளிச்சவீட்டுக் கண்ணாடியில் உவர் படிந்து ஒளி மங்கினால், விளக்கு அணைந்தது என யாரும் கைவிடார். முதலிற் கண்ணாடியைத் துடைப்பர், அதன்பின்னரே விளக்கை ஆராய்வர். மனிதர்பால் மட்டும் நாம் இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகிறோம். வறுமையும் கடற்பயணமும் மருத்துவத்தைத் தூரமாக்கும் இடங்களில் இத்தவறு எளிதில் நிகழ்கிறது. தவறான தீர்ப்புக்கு ஆளானவரோ அதை மறுத்துரைக்கும் மதிப்பையும் இழந்துவிடுகிறார்.

சத்திரசிகிச்சையின் பின் அம்மம்மாவின் மறதியெல்லாம் நீங்கிற்று எனக் கூறேன். சில பெயர்கள் திரும்பவேயில்லை. ஆனால் வீடு திரும்பியதும் அவர் முதலிற் கேட்டது, நாம் அவருக்குக் காட்டாது வைத்திருந்த கணக்குக் கொப்பியையே.