வேலை செய்ய முடியாத பிக்கு

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலான மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. விகாரையைச் சுற்றிவந்த புத்தர், வயிற்றுப்போக்கு கண்டு தன் மலமூத்திரத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பார்க்கிறார். ஏன் யாரும் உன்னைக் கவனிக்கவில்லை என்று கேட்கிறார். மற்றவர்களுக்கு நான் ஒன்றும் செய்து கொடுப்பதில்லை, அதனால்தான் என்கிறார் அந்தப் பிக்கு. பதிலில் புகார் இல்லை. அதுதான் நியாயம் என்று அவரே நம்பிவிட்டார் போலிருக்கிறது.

உடன் வந்த சீடர் ஆனந்தர் தண்ணீர் கொண்டுவருகிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். ஒருவர் தலைப்பக்கமும் மற்றவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள்.

உழைக்க முடிந்தவரைதான் ஒரு மனிதருக்கு இடமா? புற்றுநோய் வார்டுகளில் இந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ என்றால், மருந்து ஏறிய சில நாளில் மாடிப்படி ஏறுவதே பெரும்பாடு. வெள்ளணு குறைந்தால் அடுத்த கீமோ தள்ளிப்போகும். பிறகு 'கரண்ட் வைக்க', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, தினமும் ஆஸ்பத்திரி. லீவெல்லாம் தீர்ந்து சம்பளம் பிடிக்கத் தொடங்கும் சமயத்தில் ஆபீஸிலிருந்து போன் வரும்: "நீங்களே எழுதிக் கொடுத்துட்டா நல்லதுங்க." வேலை போனால் கம்பெனி எடுத்திருந்த குரூப் இன்சூரன்ஸும் போய்விடும்.

பார்க்க வரும் உறவினர்கள் முன்வினை என்பார்கள். வினைப்பயனை வாழ்நாளெல்லாம் போதித்த புத்தர், அந்தப் பிக்குவிடம் முற்பிறவியில் என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றே கேட்டார். வினைக் கொள்கையை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

கம்பெனி என்ன மடமா, வேலைக்குத்தானே கூலி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தியச் சட்டமும் இதில் தடுமாறியிருக்கிறது. தொடர்ந்த உடல்நலக்குறைவுக்காக ஒருவரை நீக்கினால் அது ஆட்குறைப்பு ஆகாது என்றது 1947-ன் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-ல் சேர்த்த பிரிவு. 1948-ன் ஈ.எஸ்.ஐ. எனும் ஊழியர் காப்பீட்டுச் சட்டமோ, நோய்க்கால உதவித்தொகை பெறும் தொழிலாளியை நீக்குவதைத் தடுத்தது. ஆனால் 2017-ல் வைத்த வரம்புப்படி, மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தக் குடை கிடையாது.

விநயம் நோயாளிக்கும் கடமை வைத்திருக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். நோயின் நிலையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். இன்றைய ஊழியர் தன் நோயை உள்ளபடி சொன்னால் வேலை போகுமோ என்று பயந்து, விக் வைத்து, 'அல்சர்' என்று சொல்லிச் சமாளிக்கிறார். உண்மையைக் கேட்கிற இடம், உண்மை சொன்னவரைத் தண்டிக்காமலும் இருக்க வேண்டும். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் புற்றுநோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஊழியருக்கு மாற்றுத்திறனாளிக்குரிய பாதுகாப்பைத் தருகிறது. இங்கும் அப்படியொரு பாதுகாப்பு வேண்டும்.

அதுவரை, சிகிச்சையில் இருப்பவர்களே, கம்பெனி ராஜினாமா கேட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.