மலிவாக வாங்கிய பவளம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு, நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் கோவில் வாசலில் என்னை நிறுத்தினான்.

"உபதேசியாரையா, ஒரு சந்தேகம். ஒரு கல்லைக் கொன்றுவிட்டால் பாவமா?"

"கல்லுக்கு உயிர் ஏது, தம்பி?"

"இந்தக் கல்லுக்கு இருந்ததாம் ஐயா. எனக்குப் பிறகுதான் தெரிந்தது."

விஷயம் இதுதான். அவன் சொற்பச் சம்பளக்காரன். சென்னையில் ஒரு வீட்டில் கடல்மீன் தொட்டியைக் கண்டு மயங்கி, தானும் ஒன்று வைக்க ஆசைப்பட்டான். பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. போர் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்தான். யாரோ ஒருவர் இரண்டு கோமாளி மீன்களையும், உயிருள்ள ஒரு பவளத் துண்டையும் கடையில் கேட்கும் விலையில் கால்பங்குக்குக் கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் தொட்டிக்குள் இறக்கினான். மூன்றாம் நாள் பவளம் அழுகி நாறியது. நான்காம் நாள் காலை மீன்கள் மிதந்தன. அக்காள் மகள் அழுத அழுகைதான் அவனை என்னிடம் அனுப்பியது. "இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?" என்பதே அவன் கேள்வி.

பாவசங்கீர்த்தனம் குருவானவருக்கு உரியது. அதில் தலையிட எனக்கு அதிகாரமில்லை. ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. மீன்தொட்டி வைக்காத குடும்பங்களுக்கும் அது பொருந்தும். ஆகையால் அவனுடைய அனுமதியோடு அதை இங்கே ஆராய்வோம்.

முதலாவது, கடலின் அழகை வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்படுவது தவறா? தவறில்லை. ஐந்தாம் நாளில் நீர்வாழ் பிராணிகளைச் சிருஷ்டித்த சர்வேசுரன் அவற்றை நல்லவையென்று கண்டார் என ஆதியாகமம் கூறுகிறது. ஒரே ஒரு சிருஷ்டி கடவுளுடைய நன்மைத்தனத்தைக் காட்டப் போதாது. ஆகையால்தான் அவர் பலவகைச் சிருஷ்டிகளை உண்டாக்கினார் என்று அர்ச். தோமாஸ் அக்வினாஸ் போதிக்கிறார். அவர் நல்லதென்று கண்டதை நாமும் கண்டு மகிழ்வது ஒருவகைத் தோத்திரமே அன்றோ?

ஆனால் நல்ல ஆசையும் கேட்டை விளைவிக்கக் கூடும். இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை நூலார் இருந்தார். நம் திருச்சபையைச் சேராதவராயினும் பக்தியுள்ளவர். கடற்பிராணிகளைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது பற்றி 1854-ல் அவர் எழுதிய நூல் நாடெங்கும் பரவியது. கடவுளுடைய கைவேலையை ஜனங்கள் காணவேண்டும் என்பதே அவர் எண்ணம். நடந்ததோ வேறு. ஜனங்கள் கூடைகளோடு கடற்கரைக்குப் படையெடுத்து, பாறைக் குட்டைகளில் இருந்த அழகான ஜீவன்களையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். அந்தக் கரைகள் வெறுமையானதைக் கண்டு தந்தையார் மிகவும் மனம் நொந்தார் என்று அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதினார். அந்த மனிதர் யாரையும் திருடத் தூண்டவில்லை. ஒவ்வொருவரும் "நான் எடுப்பது ஒன்றுதானே" என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பவளம் கல்லல்ல. அது சிறு சிறு பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கட்டும் வீடு. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, சூரிய வெளிச்சத்தில் உணவு செய்து கொடுக்கிறது. கட்டிப் பவளங்களில் பல ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அளவுள்ள ஒரு துண்டு உருவாவதற்குள் பள்ளியில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடும். அதுதான் அந்தத் தொட்டியில் மூன்று நாளில் அழிந்தது.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள் இருக்கின்றன. 1986-ல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் அங்கே பவளக்கல் வெட்டினார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அலையைத் தடுத்த பவளத்தை வெட்டியது அதற்குப் பெரிய காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். 2001-ல் கல்பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை முதலியவை 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். நம் இளைஞனுக்கு இது தெரியாது.

தெரியாமல் செய்தது பாவமா? ஞானோபதேசம் அறியாமையை இரண்டாகப் பிரிக்கிறது. எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று, அதற்குக் குற்றமில்லை. விசாரித்திருந்தால் நீங்கியிருக்கும் அறியாமை மற்றொன்று. அதற்கு நாம் உத்தரவாதிகள். நான் அவனிடம், "தம்பி, கால்பங்கு விலை என்றபோது, ஏன் இவ்வளவு மலிவு என்று உனக்குத் தோன்றவில்லையா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "தோன்றியது ஐயா. கேட்டால் விலை ஏறிவிடுமோ என்று கேட்கவில்லை" என்றான்.

வாசகரே, அவனுடைய குற்றம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பவளத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவன் தீர்மானித்தது அவனுக்குத் தெரியும். மலிவான பொருளுக்கு மீதி விலையை யாராவது கொடுத்தே இருப்பார்கள். சில வேளை கடல் கொடுக்கிறது. சில வேளை கூலி குறைக்கப்பட்ட தொழிலாளி கொடுக்கிறான். சில வேளை பொருளின் உண்மையான சொந்தக்காரன் கொடுக்கிறான். மலிவாய் வாங்குவது பாவமல்ல. ஏழைகள் வேறு எப்படி வாங்குவது? ஏன் மலிவு என்று மனச்சாட்சி கேட்கும்போது அதன் வாயைப் பொத்துவதே பாவம்.

"பசித்தவர்களும் பவளம் வெட்டினார்களே, அவர்களும் பாவிகளா?" என்று சிலர் கேட்கலாம். அதீதத் தேவையில் உயிரைக் காக்கப் பிறர் பொருளை எடுப்பவன் திருடனல்ல என்று அக்வினாஸ் போதிக்கிறார். வயிற்றுப் பிழைப்புக்காகக் கடலில் இறங்கியவர்களைத் தீர்ப்பிட நாம் யார்? ஆனால் அவர்களுடைய பசி, நம்முடைய பொழுதுபோக்குக்குச் சாக்காகாது. அலங்காரப் பொருளை யாரும் அதீதத் தேவை என்று சொல்ல முடியாது.

அடுத்து மீன்கள். 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல், மிருகங்களைக் காரணமின்றித் துன்புறுத்துவதும் வீணாய்ச் சாகடிப்பதும் மனித மாண்புக்கு விரோதம் என்கிறது. அதே இடத்தில், மனிதரின் துயரம் தீர்க்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பணமில்லாமல் தொடங்கினால் மீனைக் கொல்லுவோம். கணக்கில்லாமல் செலவிட்டால் வீட்டையும் ஏழையையும் மறப்போம். ஆகையால் கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடட்டும் என்ற நம் ஆண்டவருடைய உவமை இங்கே பொருந்துகிறது.

அவனும் நானும் உட்கார்ந்து கணக்கிட்டோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உண்டு. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ வேண்டும். அது சமையல் உப்பாக இருக்கக் கூடாது. மக்னீசியம், கால்சியம் முதலியவை கலந்த கடலுப்புக் கலவையாக இருக்க வேண்டும். வாரம் 10 லிட்டர் நீரை மாற்றினால் ஒவ்வொரு வாரமும் 350 கிராம் கலவை செலவாகும். நாகப்பட்டினம் அருகில் இருக்கிறதே என்று கரையோர நீரை மொண்டு வரலாமா? மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து அதன் உப்பு குறையும், அழுக்கும் சேரும். பம்பும் விளக்கும் சேர்ந்து இடைவிடாமல் 30 வாட் இழுத்தால் மாதம் 21 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும். தொட்டி நீர் 25 முதல் 27 பாகை வரை இருப்பது நல்லது. நம்மூர்ச் சித்திரை வெயிலில் அதைக் குளிர வைப்பதும் செலவுதான். தொட்டியில் நீர் வற்றினால் உப்புநீரை ஊற்றக் கூடாது. நல்ல நீரையே ஊற்ற வேண்டும். ஏனெனில் வேதாரணியம் உப்பளத்தில் நாம் காண்பதுபோல், நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு பொறுமை. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்குகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. அதில் கேடு மிகவும் குறைவு. இந்த நுண்ணுயிர்கள் தொட்டியின் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரமாகும். அதற்குமுன் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகும். நம் இளைஞனுடைய மீன்கள் செத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

டெல்டாக்காரருக்கு இது புதிதா? கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் மிதித்துச் சேற்றில் புதைத்துவிட்டு, அது மக்குமுன்னே அன்று மாலையே நாற்றை நடுகிற விவசாயி உண்டா? வயல் பக்குவப்படக் காத்திருக்கிறோம். கண்ணில் படாத வேலையைச் சர்வேசுரன் மண்ணுக்குள் செய்கிறார் என்று நம்புகிறோம். வயலில் உள்ள விசுவாசம் கண்ணாடித் தொட்டி முன் ஏன் போய்விடுகிறது?

இன்னொன்றும் உண்டு. ஒரு ஜீவனைக் கடலிலிருந்து பிரித்து நம் கைக்குள் கொண்டுவந்தால், அதற்குக் கடலாக இருக்க நாம் கடமைப்பட்டோம். குடும்பத்தோடு வேளாங்கண்ணித் திருநாளுக்குப் போய்ப் பத்து நாள் தங்கினால் யார் நீர் ஊற்றுவது? 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தபின் நம் மாவட்டத்தில் எத்தனை ஊர்கள் பல நாட்கள் மின்சாரமின்றிக் கிடந்தன! பம்பு நின்றால் நெருக்கமான தொட்டியில் சில மணி நேரத்தில் காற்று குறையும். ஆபத்து வந்தால் ஓடிப்போகிறவன் கூலிக்காரன் என்று ஆண்டவர் சொன்னது ஆடுகளுக்கு மட்டுந்தானா?

கடைசியாக, ஈடு செய்வது. ஏழாம் கற்பனையை மீறியவன் எடுத்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். செத்த பவளத்தைக் கடலுக்கு எப்படித் திரும்பக் கொடுப்பது? முடியாது. ஆனால் முடிந்ததைச் செய்யலாம். இனிமேல் அப்படி வாங்காதிருப்பது ஒன்று. வாங்க நினைக்கும் நண்பனுக்கு உண்மையைச் சொல்வது மற்றொன்று. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தாரும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீனை வாங்கினால் கடலிலிருந்து ஒன்றும் குறைவதில்லை. அந்த மீனினத்தில் முட்டைகளைக் காவல் காத்து, செட்டையால் விசிறி, ஏறக்குறைய ஒரு வாரம் பாதுகாப்பது ஆண் மீன் என்றும் சொல்லுகிறார்கள். நம் தகப்பன்மார் கவனிக்க!

2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய நிருபத்தில் அழிந்துவரும் பவளப் பாறைகளைப் பற்றியும் விசனப்பட்டிருக்கிறார். கடல்நீர் அளவுமீறிச் சூடானால் பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும்; மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படி வெளுத்தது. அவ்வளவு பெரிய தீங்குக்கு முன் நம் இளைஞன் ஒருவனுடைய ஒரு துண்டு எம்மாத்திரம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் சர்வேசுரன் நம்மிடம் கடல் முழுவதற்கும் கணக்குக் கேட்கப் போவதில்லை. நம் கையில் வந்த துண்டுக்கே கேட்பார். சொற்பத்தில் உண்மையுள்ளவனே பெரிதிலும் உண்மையுள்ளவன்.

அந்த இளைஞன் தொட்டியைக் கழுவி மறுபடி வைத்திருக்கிறான். சரியான உப்பு, சுத்தமான நீர், சுட்ட மண்ணால் செய்த சில கற்கள், அவ்வளவுதான். இன்றோடு ஐந்தாம் வாரம். மீன் இல்லாத தொட்டியைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரிக்கிறார்களாம். அக்காள் மகள் மட்டும் தினமும் வந்து, "மாமா, தண்ணி பக்குவமாயிடுச்சா?" என்று கேட்கிறாளாம். "இன்னும் இல்லை, கண்ணு" என்கிறானாம்.

பெற்றோரே, நம் பிள்ளைகள் ஏதாவது ஒன்றை மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டு வரும்போது, அவர்களைத் திட்ட வேண்டாம். "மீதி விலையை யார் கொடுத்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை வியாபாரத்திலும், உத்தியோகத்திலும், கூலியாளுக்குச் சம்பளம் கொடுக்கும் நாளிலும் அதை மறக்காது. பதிலைக் கேட்கப் பயப்படாத மனச்சாட்சியைச் சர்வேசுரன் நம் எல்லோருக்கும் தந்தருள்வாராக.