பேறுகாலமும் தவக்குலும்



தாய் தன் பிள்ளையைச் சிரமத்தோடு சுமந்து, சிரமத்தோடு பெறுகிறாள் என்பதை அல்லாஹு தஆலா அஹ்காஃப் சூராவின் 15-ஆவது ஆயத்தில் நினைவூட்டுகிறான். அந்தச் சிரமம் அவளுக்கு. எங்கே பெறுவது என்று முடிவு கட்டுவதோ பல வீடுகளில் மாமியாரும் கணவரும்! ஆகவே இது அவர்கள் செவிமடுக்க வேண்டிய விஷயம்.

தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அப்படியிருந்தும், செல்போனில் வரும் பேச்சுகளைக் கேட்டு வீட்டிலேயே பெற்றுக்கொள்ளத் துணிபவர்கள் இருக்கிறார்கள். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிறந்தது, தாய் உதிரப்போக்கால் இறந்து போனார்.

வீட்டிலேயே பெறலாம் என்போர் மூன்று காரணம் சொல்கிறார்கள்.

முதலாவது, "எங்கள் பாட்டியார் பத்துப் பிள்ளையும் வீட்டில்தான் பெற்றார்" என்பது. உண்மைதான். ஆனால், பிழைத்தவர்கள்தாம் கதை சொல்ல இருக்கிறார்கள்; கபுருஸ்தானுக்குப் போனவர்கள் வந்து சொல்வதில்லை. பிள்ளை பிறந்தபின் உதிரம் நிற்காமல் போனால் ஓரிரு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்கும் இது நேரும். மருத்துவச்சியின் கை எவ்வளவு பக்குவமானதாக இருந்தாலும், அவளிடம் ஏற்றுவதற்கு இரத்தம் கிடையாது.

இரண்டாவது, ஹயா. இந்த வெட்கம் ஈமானைச் சேர்ந்தது. யாரும் இதை இழிவாகப் பேச வேண்டாம். இதை மதித்துத்தான் மேரி ஷார்லிப் என்ற டாக்டரம்மா 1885-இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென்றே ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுதான் இன்று திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால்தான் நம்மவர்களுக்கு விளங்கும். ஆகவே பெண் டாக்டரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆபத்தான வேளையில் பெண் டாக்டர் கிடைக்காவிட்டால், தேவையான அளவுக்கு ஆண் டாக்டர் பார்ப்பதை ஷரீஅத் அனுமதிக்கிறது. நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும் என்பது ஃபிக்ஹின் பிரபலமான விதி.

மூன்றாவது, "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் ஈச்ச மரத்தடியில் தனித்திருந்தபோது, பழத்தைத் தானாக விழச் செய்ய அல்லாஹ்வுக்கு முடியாதா? இருந்தும் மரத்தை உலுக்கும்படி கட்டளை வந்தது. வேதனையிலிருந்த பெண்ணுக்கே முயற்சி கடமையானால், சுற்றி நிற்கும் நமக்கு எவ்வளவு கடமை!

பிரசவத்தில் மவுத்தாகும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அது அவளுக்கு நற்செய்தி. நம் அலட்சியத்துக்கு அனுமதிச் சீட்டு அல்ல. நம் கையாலேயே நாசத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது என்று பகரா சூராவின் 195-ஆவது ஆயத் எச்சரிக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடுஞ்சொல்லும் காத்திருப்பும் இருக்கலாம். "ஆபரேஷன் செய்துவிடுவார்கள்" என்ற பயமும் இருக்கலாம். ஏன் ஆபரேஷன் என்று டாக்டரிடம் காரணம் கேளுங்கள். அதற்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கணவன்மார்களே! கர்ப்பம் தெரிந்ததும் பதிவு செய்யுங்கள். மனைவியின் இரத்த வகையைத் தெரிந்து, இரத்தம் கொடுக்க இருவரையாவது சொல்லி வையுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதை அறிவீர்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் வலி முற்றும்வரை காத்திராமல், தொடங்கியதுமே 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல ஆஸ்பத்திரி ஒரு தடையல்ல.

யா அல்லாஹ்! எங்கள் பெண்மக்களின் பேறுகாலத்தை இலேசாக்கி, தாயையும் சேயையும் ஸலாமத்தாக வீடு சேர்ப்பாயாக! ஆமீன்.