நாபோத்தின் தோட்டமும் நமது வாக்கும்



பழைய ஏற்பாட்டில், முதல் அரசர் ஆகமத்தின் 21-ம் அதிகாரத்தை உங்களில் பலர் சிறு வயதிலேயே ஞானோபதேச வகுப்பில் கேட்டிருப்பீர்கள். ஆகாப் என்ற அரசனுக்கு மாளிகையும் நிலமும் ஏராளம். ஆயினும் மாளிகைக்குப் பக்கத்திலிருந்த நாபோத் என்ற குடியானவனின் திராட்சைத் தோட்டத்தின்மேல் அவனுக்கு ஆசை உண்டாயிற்று. அதைக் கீரைத் தோட்டமாக்க விரும்பினான். அது முன்னோர் விட்டுச் சென்ற காணி, விலைக்குத் தருவதற்கில்லை என்று நாபோத் சொல்லிவிட்டான். அரசன் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டு, உண்ணாமல் படுத்துவிட்டான். அரசி ஜெசபேல் அரசனின் பெயரால் கடிதங்கள் எழுதி, அவனது முத்திரையிட்டு, ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். உபவாசம் கூறப்பட்டது, சபை கூடியது, இரண்டு பொய்ச் சாட்சிகள் எழுந்து, இவன் கடவுளையும் அரசனையும் பழித்தான் என்றார்கள். நாபோத் ஊருக்கு வெளியே கல்லால் எறியப்பட்டு மடிந்தான். அரசன் தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போனான்.

இந்தச் சரித்திரத்தில் பெரிய பாவி யாரென்று கேட்டால், ஜெசபேல் என்று எல்லோரும் சொல்வோம். அது மெய்தான். ஆனால் அவள் செய்ததைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். அவள் சேவகர்களை அனுப்பித் தோட்டத்தைப் பிடுங்கவில்லை. இரவில் ஆளை ஏவிக் கொல்லவுமில்லை. கடிதம், முத்திரை, உபவாசம், ஊர்ச்சபை, சாட்சி, தீர்ப்பு ஆகிய இவற்றையே கருவியாக்கினாள். இரண்டு சாட்சி வேண்டுமென்பது மோயீசனின் சட்டம். அவள் குறைவில்லாமல் இரண்டு சாட்சிகளை நிறுத்தினாள். நாபோத்தைப் போன்ற எளியவனைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட ஒவ்வொன்றும் அவனைக் கொல்வதற்குப் பயன்பட்டது. அந்த ஊர்ப் பெரியவர்களில் ஒருவராவது எழுந்து, இது அநியாயம் என்று சொன்னதாக வேதாகமத்தில் இல்லை.

பிரியமானவர்களே, ஒரு நாட்டின் பொது ஸ்தாபனங்கள் கெடுவது இப்படித்தான். கட்டிடத்தை யாரும் இடிப்பதில்லை. பெயர்ப் பலகை அப்படியே இருக்கும், முத்திரையும் இருக்கும், கூட்டமும் நடக்கும். உள்ளே இருக்கவேண்டிய நீதி மட்டும் வெளியேறியிருக்கும்.

பொது ஸ்தாபனம் என்பது என்ன? பணக்காரருக்கு நோய் வந்தால் தனி மருத்துவமனை உண்டு. அவர் பிள்ளைக்குத் தனிப் பள்ளிக்கூடம் உண்டு. வாசலில் காவலாளும், கைக்குள் வழக்கறிஞரும் உண்டு. ஏழைக்கு இருப்பவையெல்லாம் எல்லோருக்கும் பொதுவானவைதான்: அரசாங்க ஆஸ்பத்திரி, அரசாங்கப் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஊர்ப் பஞ்சாயத்து, நீதிமன்றம், எல்லாவற்றிற்கும் மேலாக வாக்குரிமை. இவையே இன்றைய நாபோத்தின் திராட்சைத் தோட்டம்.

இந்தத் தோட்டம் நமக்கு எளிதில் வந்ததல்ல. ஆங்கிலேயர் காலத்தில் சொத்து, வரி, படிப்பு இவற்றைப் பார்த்தே வாக்குரிமை கொடுத்தார்கள். நிலமில்லாக் கூலிக்காரனுக்கும், எழுத்தறியாத பெண்ணுக்கும் பெரும்பாலும் அதில் பங்கில்லை. 1950-ம் வருஷம் ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம், 21 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வாக்கு உண்டென்றது. 1989 முதல் அந்த வயது 18 ஆயிற்று. 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஏறக்குறைய 17 கோடிப் பேர் வாக்காளர்களாய்ப் பதிவாகியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள். ஆலை முதலாளியும் ஆலைக் கூலியும் ஒரே எடை நிற்கும் தராசு நம் நாட்டில் ஒன்றுண்டு என்றால், அது வாக்குச் சாவடிதான்.

இந்தத் தோட்டத்திற்கு இரண்டு பக்கமிருந்து ஆபத்து வருகிறது. ஒன்று அதிகாரம், மற்றொன்று பணம்.

அதிகாரத்தின் கதைக்குத் தூரம் போகவேண்டியதில்லை. 1975-ம் வருஷம் ஜூன் 12-ல், அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா, அப்போது பிரதமராயிருந்த இந்திரா காந்தி அம்மையாரின் தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தார். இரண்டு வாரத்திற்குள், ஜூன் 25-ம் தேதி இரவில், நாட்டில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறைக்குச் சென்றார்கள். பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கலாகாது என்று அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. அந்தப் பகுதியைச் சுப்ரீம் கோர்ட்டு அதே வருஷம் நவம்பரில் தள்ளிற்று. ஆனால் 1976 ஏப்ரல் 28-ல், சிறையிலிருப்பவன் தன் உயிருக்கும் சுதந்திரத்திற்குமாக அந்தக் காலத்தில் நீதிமன்றம் வரமுடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்புச் சொன்னார்கள். எச். ஆர். கன்னா என்ற ஒரே ஒரு நீதிபதி மட்டும் அதற்கு இணங்கவில்லை. சில மாதத்தில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவர் ஒருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவியை விட்டு விலகினார். நாபோத்தின் ஊரில் எழாத அந்த ஒரு பெரியவர் நம் நாட்டில் எழுந்தார். 1977 மார்ச்சில் மக்கள் வாக்களித்து அந்த ஆட்சியை மாற்றினார்கள். 2017-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டே, அந்த நால்வரின் தீர்ப்பு தவறு, கன்னா சொன்னதே சரி என்று ஏற்றுக்கொண்டது. நீதிக்காகத் தனியாக நிற்பவன் வீணாக நிற்பதில்லை.

பணத்தின் வழி வேறு. அது சத்தமில்லாமல் வரும். 1931-ம் வருஷமே பரிசுத்த பாப்பரசர் 11-ம் பத்திநாதர் தமது சுற்றுமடலில், சிலர் கையில் செல்வம் குவியும்போது, அவர்கள் பொருளாதாரத்தை ஆள்வதோடு நில்லாமல் அரசாங்கத்தையும் கைப்பற்றப் போராடுவார்கள் என்று எச்சரித்தார். செல்வம் பாவமென்று திருச்சபை போதித்ததில்லை. நேர்மையாய்ச் சம்பாதித்து, கூலியைக் குறைக்காமல் கொடுத்து, தர்மமும் செய்கிற செல்வர் நம் பங்கிலும் உண்டு. செல்வம் சட்டத்தை விலைக்கு வாங்கப் புறப்படும்போதே ஜெசபேலின் முத்திரை அதன் கைக்கு வருகிறது.

சமீப கால உதாரணம் ஒன்று. 2017-ம் வருஷத்து நிதிச் சட்டத்தின் வழியாகத் தேர்தல் பத்திரத் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஸ்டேட் பாங்கில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை பத்திரம் வாங்கி, தனக்கு இஷ்டமான கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. அதற்கு முன் ஒரு கம்பெனி தன் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 7.5 சதவிகிதத்திற்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கலாகாது என்றிருந்த வரம்பும் எடுக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இத்திட்டம் அரசியல் சட்டத்திற்கு விரோதமானது என்று தீர்த்தார்கள். கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றார்கள். விவரம் கொடுக்க ஜூன் 30 வரை தவணை கேட்ட பாங்கிக்குத் தவணை மறுக்கப்பட்டது. மார்ச் மாதத்திலேயே விவரங்கள் வெளிவந்தன. ஒரு கட்சியல்ல, பல கட்சிகள் அப்பணத்தை வாங்கியிருந்தன. ஆகவே இதைச் சொல்வது எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்பதற்கல்ல. வலது கை கொடுப்பதை இடது கை அறியலாகாது என்று நம் ஆண்டவர் போதித்தது ஏழைக்கிடும் தர்மத்தைப் பற்றியேயொழிய, ஆளுகிறவருக்கு இரகசியமாய்க் கொடுக்கும் பணத்தைப் பற்றியல்ல.

இதுவரை பெரியவர்களின் குற்றத்தைச் சொன்னோம். அதைக் கேட்க நமக்குச் சுகமாயிருக்கும். இனி நம் சொந்த வாசற்படிக்கு வருவோம்.

2016-ம் வருஷம் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்பட்டதென்று தேர்தல் கமிஷன் தேர்தலையே ரத்து செய்தது. 2017 ஏப்ரலில் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் பாராளுமன்றத் தேர்தலும் அதே காரணத்திற்காக நின்றன. பின்பு வேறு நாளில் அவை நடந்தன. நம் தமிழ்நாட்டிற்கு இது பெருமையா? கொடுத்தவர்கள் குற்றவாளிகள், ஆனால் வாங்கும் கை நீளாவிட்டால் கொடுக்கும் கை என்ன செய்யும்?

ஏசாவு பசியோடு வந்து, ஒரு கிண்ணம் பருப்புக் கூழுக்காகத் தன் சேஷ்டபுத்திர உரிமையை விற்றான். அந்தக் கூழ் ஒரு வேளைக்குக்கூடக் காணாது. ஓர் வாக்குக்கு ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷத்திற்கு 1826 நாள். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு 55 பைசா; ஒரு வாய்த் தேநீருக்கும் ஆகாது. கொடுத்தவரோ அதைத் தர்மமாகக் கொடுக்கவில்லை. ஆற்று மணலிலும், சாலைக் காண்டிராக்டிலும், உங்கள் பிள்ளையின் பள்ளிக் கட்டிடத்திலும் வட்டியோடு எடுத்துக்கொள்வார். நியாயம் கேட்கப் போனால், அன்றே விலை கொடுத்தாயிற்றே என்பார்.

இவ்விஷயத்தில் மூன்று சாக்குகள் வழங்கி வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

முதலாவது: "அது நம்மிடம் கொள்ளையடித்த பணந்தானே, திரும்ப வாங்கினால் என்ன?" திருடியவனிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற நீதிமன்றம் உண்டு. அவனையே மறுபடி சாவிக்காரனாக்குவதற்குக் கூலி வாங்குவது, சொத்தைத் திரும்பப் பெறுவதாகாது.

இரண்டாவது: "பணத்தை வாங்கிக்கொள்கிறேன், வாக்கை மனசாட்சிப்படி போடுகிறேன்." இதில் பாதி நன்மை இருக்கிறது, ஆனால் பாதி நன்மை போதாது. வாக்குக்காகக் கையூட்டு வாங்குவது, கொடுப்பதைப் போலவே, ஒரு வருஷம் வரை சிறைக்கு உரிய குற்றமென்பது நாட்டுச் சட்டம். மேலும், வாங்கும் ஒவ்வொருவரும் பணமில்லாத நல்லவன் தேர்தலில் நிற்கவே முடியாதபடி கதவை அடைக்கிறார். அடுத்த வீட்டுப் பிள்ளை நமது கையைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது: "பணத்தை வாங்கிச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டேன், மீறினால் தெய்வகுற்றமாகாதா?" இது பயந்த மனதின் கேள்வி, இதற்குத் தெளிவான பதில் சொல்லவேண்டும். பாவத்திற்கென்று செய்த சத்தியம் ஒருவரையும் கட்டாது. ஏரோது விருந்தில் செய்த சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காக ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டுவித்தான். சத்தியத்தைக் காத்ததால் அவன் புண்ணியவானானானா? அதை மீறியிருந்தாலே கடவுளுக்குப் பிரியமாயிருந்திருக்கும். ஆகவே, அப்படிச் சத்தியம் செய்தவர்கள் அஞ்சவேண்டாம். வாக்கைச் சுத்த மனசாட்சிப்படி போடுங்கள். நீங்கள் எப்படிப் போட்டீர்கள் என்று சொல்லும்படி எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வாங்கிய பணத்தை வீட்டில் வைத்திராமல் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து, மறுபடி அக்கையை நீட்டாதிருங்கள்.

இனி, தோட்டத்தைக் காப்பது தேர்தல் நாளில் மட்டும் செய்யும் வேலையன்று. நம் மாநிலத்தில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களிலும், 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடவேண்டும். பூசை கண்டபின் அங்கும் போய் உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்கள் இருக்கவேண்டும் என்பது 2009-ம் வருஷத்துச் சட்டம். தாய்மார்களே, அந்த இடம் உங்களுடையது. ரேஷன் கடையிலோ, சாலையிலோ சந்தேகம் இருந்தால், 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டியது அவர்கள் கடமை. வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சொத்தையும் தம்மேலுள்ள வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தே தீரவேண்டும்; வாக்களிக்குமுன் படித்த பிள்ளைகள் அதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டட்டும். வீடு தேடிப் பணம் வந்தால், 1950 என்ற எண்ணில் தேர்தல் கமிஷனுக்குச் சொல்லலாம்.

அரசாங்க அலுவலிலும் போலீசிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வேலை செய்யும் நம் பங்கு மக்களுக்கு ஒரு விசேஷ வார்த்தை. ஜெசபேலின் கடிதம் ஒருநாள் உங்கள் மேசைக்கும் வரலாம். அதில் முத்திரை சரியாக இருக்கும். மேலதிகாரியின் வாய்மொழியும் கூட வரும். அன்று நீங்கள் அந்த ஊர்ப் பெரியவர்களில் ஒருவராக மௌனமாயிருப்பீர்களா, எழுந்து நிற்பீர்களா என்பதிலேயே எங்கோ ஒரு நாபோத்தின் உயிரும் காணியும் தங்கியிருக்கும். உங்களுக்காக இந்தப் பங்கு ஜெபிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

நாபோத்தின் கதை அவன் மரணத்தோடு முடியவில்லை. சர்வேசுரன் எலியாஸ் தீர்க்கதரிசியை அதே தோட்டத்திற்கு அனுப்பினார்; கொன்றதுமன்றிக் கைப்பற்றவும் செய்தாயோ என்று அரசனின் முகத்துக்கெதிரே கேட்கச் செய்தார். ஆகாபும் தன் உடையைக் கிழித்து, கோணி உடுத்தி, உபவாசமிருந்தான். அதைக் கண்டு கடவுள் அவன் நாளில் வரவேண்டிய தண்டனையைத் தள்ளிவைத்தார். அரசனுக்கே மனந்திரும்ப வழியிருந்தால், பணம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நிச்சயமாய் உண்டு. ஆனால் கேட்பதற்கு ஓர் எலியாஸ் வேண்டும். அந்தக் குரல் நம் வீடுகளிலிருந்து எழும்பும்படி, நீதியின் கண்ணாடியாகிய தேவதாய் நமக்காக மன்றாடுவார்களாக.

ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி