பால் மறக்கும் பருவம்

சைவ சித்தாந்தம் கற்கப் புகுவோர் இறைவனுடைய ஐந்தொழில்களுள் படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்னும் நான்கையும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டு, மறைத்தல் என்னும் ஒன்றிலே வந்து நின்றுவிடுகின்றனர். அளவிறந்த கருணையுடைய பரம்பொருள் தன்னை உயிர்களிடமிருந்து மறைத்துக்கொள்வானேன்? மறைத்தலும் கருணையே என்று ஆசிரியர் விடை கூறினால், அது கேட்பவனை அடக்கச் சொன்ன சமாதானமாகத் தோன்றுமேயன்றி உள்ளத்தில் தைப்பதில்லை. இவ்வினாவுக்கு, கைக்குழந்தை உள்ள வீட்டில் தெளிவான விடை இருக்கிறது என்பது என் துணிபு.

பிறந்த சிசுவுக்கு இன்னது வேண்டுமென்று கேட்கத் தெரியாது. அதன் அழுகுரல் செவியிற்பட்ட மாத்திரத்திலேயே, தாய் நினைத்து முயலுமுன், பால் இறங்கிவிடுகிறது. முதல் நாட்களில் மஞ்சள் நிறமாகச் சுரக்கும் சீம்பால் குழந்தையை நோயினின்று காக்கும் முதற் கவசம். கடுங்கோடையிலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு வாய்த் தண்ணீரும் வேண்டுவதில்லை. தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்காகச் மதுரைச் சொக்கநாதராகிய சிவபெருமான் தாய்ப்பன்றியின் வடிவெடுத்து முலையூட்டியதாகப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடியிருப்பதைப் படிக்கையில், தகுதி பார்த்துத் தருவதன்று அருள், பசி கண்டு சுரப்பதே அருள் என்னும் உண்மை வேறு விளக்கம் வேண்டாமலே விளங்கிவிடுகிறது.

ஆனால் இத்தனை பூரணமான பாலும் ஆறு மாதத்துக்குப்பின் தனித்துப் போதுவதில்லை. கருவிலிருந்தபோது தாயிடமிருந்து பெற்று உடலில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஏறக்குறைய அக்காலத்தில் குறைந்துவிடுகிறது. பாலிலோ அச்சத்து மிகச் சிறிதளவே உண்டு. அதே சமயத்தில் குழந்தை தலை நிமிர்ந்து, சாய்ந்தேனும் உட்காருகிறது. வாயில் வைத்ததையெல்லாம் நாவால் வெளியே தள்ளிய வழக்கம் மாறுகிறது. பிறர் உண்பதைப் பார்த்துக் கை நீட்டுகிறது. ஆசுவலாயனரும் பாரஸ்கரரும் தங்கள் கிருஹ்ய சூத்திரங்களில் முதற் சோறூட்டலாகிய அன்னப்பிராசனத்தை ஆறாம் மாதத்திற்கு விதித்ததும், குருவாயூர்ச் சந்நிதியில் இன்றும் குழந்தைகளுக்குச் சோறூட்டும் சடங்கு நடப்பதும், இப்பருவத்தை நம் முன்னோர் கூர்ந்து கண்டு போற்றியதற்குச் சான்றுகள்.

இறைவன் மறைந்து நின்று செய்வது என்னவென்று சித்தாந்த சாத்திரங்களைக் கேட்டால், உயிருக்கு உடல், கருவிகள், உலகம், நுகர்பொருள் என்னும் தனு கரண புவன போகங்களைக் கொடுத்து, அதனை உலகின்பால் திருப்பி, அந்த அநுபவத்தாலேயே உயிரைப் பற்றிய அழுக்காகிய மலம் பரிபாகமடைய, அதாவது கழலும் பக்குவமடையச் செய்கிறான் என்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் இதைச் செய்யும் மறைப்பாற்றலாகிய திரோதான சக்தியை உபசாரமாகவே மலம் என்று வழங்கினார்; உண்மையில் அது அருட்சக்தியே. தன்னிடமே எல்லாம் பெற்றுவந்த மகவை மடியில் இருத்தி, முகத்தை அன்னத்தின் பக்கம் திருப்பிவிடும் தாய் செய்வதும் இதுவேயன்றோ? அச்சோறும் அவள் கையால் வருவதுதான் என்பதைக் குழந்தை அப்போது அறியாது. பரிபாகத்துக்கு முன்னும் பின்னும் செய்வது இரண்டும் தீங்கு: மூன்றாம் மாதத்திலேயே கஞ்சி புகட்டினால் வயிற்றுப்போக்கு வரக்கூடும், ஓராண்டு வரை பாலொன்றையே கொடுத்தாலோ குழந்தை சோகை பற்றி மெலியும்.

சீகாழியில் நிகழ்ந்ததை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் இருந்த தம் பிள்ளை ஞானசம்பந்தரைக் கரையில் விட்டுச் சிவபாத இருதயர் குளத்துநீருள் மூழ்கி மறைந்தார். தந்தையைக் காணாத பிள்ளை அழுதது. அவ்வழுகையைக் கேட்டே உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பாலை அளித்தாள். தந்தையின் மறைவே அம்மையின் அருளுக்கு வாயிலாயிற்று என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் வெளிப்படையாகச் சொல்லாவிடினும், கதையை அவர் அமைத்திருக்கும் முறையில் வேறு தாத்பரியம் எனக்குத் தோன்றவில்லை.

அப்படியாயின், மார்பில் வேப்பெண்ணெயைத் தடவி ஒரே நாளில் பாலை மறக்கடிக்கும் வழக்கமும் அருள்தானோ என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். அன்று என்றே சொல்வேன். மறைத்தலும் அருளலும் ஒரே சக்தியின் இரு செயல்கள் எனக் கூறும் சாத்திரத்தில், ஒன்று வந்ததும் மற்றொன்று அடியோடு அற்றுப்போவதாகச் சொல்ல இடமில்லை. சோறு தொடங்கிய பிறகும் ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பாதிக்குக் குறையாமலும், இரண்டாம் ஆண்டில் மூன்றிலொரு பங்கும் தாய்ப்பாலே தரவல்லது. திருக்குர்ஆன் முழுமையான பாலூட்டலுக்கு இரண்டு ஆண்டு வகுத்து, அதற்குமுன் நிறுத்துவதாயின் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து மனமொப்பிச் செய்யட்டும் என்கிறது. இந்த விவேகம் எச்சமயத்தாருக்கும் உரியது. திடீரென்று நிறுத்தினால் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வேதனையும் காய்ச்சலும் உண்டாகலாம்; குழந்தைக்கோ நேற்றுவரை அமுதமாயிருந்த இடம் காரணம் தெரியாமல் கசந்துபோகிறது.

ஆகவே வீட்டுப் பெரியவர்களை நான் வேண்டிக்கொள்வது இது. ஆறு மாதம் நிறைந்ததும், பருப்பும் நெய்யும் சேர்த்துக் குழைய மசித்த சோற்றைத் தொடங்குங்கள். கரண்டியிலிருந்து ஒழுகிப்போகும் நீர்த்த கஞ்சியால் பயன் குறைவு. பாலையும் உடன் தொடரவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தை இன்னும் பால் குடிக்கிறதே என்று அந்தத் தாயைக் கூசச் செய்யாதீர்கள்.