மூச்சும் மின்சாரமும்

80 பேர் ஒன்றாக மூச்சை இழுத்து, அதே நொடியில் பித்தளைக் கருவிகளுக்குள் செலுத்தும்போது எழும் ஓசை காதோடு நிற்பதில்லை. நெஞ்சுக்கூட்டில் வந்து மோதுகிறது. டிரம் கோர் என்னும் அமெரிக்கக் கலையைக் காணப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த மோதலுக்காகவே போகிறார்கள். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் அணிவகுத்து, ஓடி, வளைந்து, பின்னோக்கி நடந்துகொண்டே இசைக்கும் அந்த இளையோருக்கு உடம்பைத் தவிர வேறு மூலதனம் நெடுங்காலம் இருந்ததில்லை. நுரையீரலும் உதடும் மணிக்கட்டும் எவ்வளவு தந்தனவோ அவ்வளவே ஓசை. அந்த எல்லைக்குள் மின்சாரம் நுழைந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நுழைந்தது சரிதானா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

சிறிய வழக்குத்தான் என்று தோன்றலாம். ஒரு கோடைகாலப் போட்டியில் மைக் வைக்கலாமா கூடாதா என்பதில் உலகம் மூழ்கிவிடப் போவதில்லை. ஆனால் மனிதர் தம் இளமையின் ஒரு பகுதியை எதற்கு ஒப்புக்கொடுக்கிறார்களோ, அதைப் பற்றிய கேள்வி எதுவும் சிறியதாக இருக்க முடியாது. இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுத்துறங்குகிறார்கள். பகல் முழுதும் வெயிலில் பயில்கிறார்கள், இரவில் பேருந்தேறி அடுத்த ஊருக்குப் போகிறார்கள். இதற்குக் கூலி கிடையாது. ஆயிரக்கணக்கான டாலரைத் தாங்களே கட்டுகிறார்கள். இத்தனையும் ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் நகரத்து லூகாஸ் ஆயில் அரங்கில் போய் முடிகிற, பன்னிரண்டு நிமிடத்தை ஒட்டிய ஒரே நிகழ்ச்சிக்காக. இருபதுகளின் தொடக்கத்திலேயே வயது வரம்பு குறுக்கே வந்து நிற்கும். இவ்வளவு குறைந்த காலத்தில் இவ்வளவையும் கொடுப்பவர்கள் எழுப்பும் ஓசை யாருடையது என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு.

அந்த மைதானத்தில் ஓசை பிறக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மைதானத்தின் நீளம் 91 மீட்டர். ஒரு கோடியில் அடித்த முரசு மறுகோடியில் நிற்பவர் காதுக்கு வந்து சேரக் கால் நொடிக்கு மேலாகும். நிமிடத்துக்கு 180 அடி வைத்து ஓடும் தாளத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் இருப்பதே மூன்றில் ஒரு நொடி. ஆகவே தூரத்தில் நிற்பவர் காதை நம்பினால் கெட்டார். குழுவை நடத்தும் டிரம் மேஜரின் கையைப் பார்த்தே வாசித்தாக வேண்டும். முன்வரிசையில், கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவும் வைப்ரஃபோனும் வைத்து நிற்பவர்களுக்கோ விதி தலைகீழ். அவர்கள் கையைப் பார்த்து வாசித்தால், பின்னாலிருந்து வரும் முரசொலியை முந்திக்கொண்டு விடுவார்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பிய ஓசை தம்மை வந்தடையும் கணம்வரை பொறுத்திருந்து, அதனோடு சேர்த்துக் கோலை இறக்க வேண்டும். பின்னால் கேள் என்பது அவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று. எதிரில் தெரியும் கையை விட்டு, கண்ணால் காணாத தோழனின் முரசை நம்பும் பழக்கம் அது. இசைப் பயிற்சியாகத் தொடங்கும் அந்த நம்பிக்கை இசையோடு நின்றுவிடுவதில்லை.

இனி வழக்குக்கு வருவோம். போட்டிகளை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு 2004 பருவத்திலிருந்து முன்வரிசைக் கருவிகளுக்கும் மனிதக் குரலுக்கும் மைக் வைக்க அனுமதித்தது. 2009இல் சிந்தசைசர் முதலிய மின்னிசைக் கருவிகளும் களத்துக்கு வந்தன. பழைய தலைமுறை ரசிகர்கள் பலர் இதை ஒரு வீட்டின் அஸ்திவாரம் சரிந்ததுபோல உணர்ந்தார்கள். அவர்களுடைய துயரம் மெய்யானது. ஆனால் அதற்கு அவர்கள் சொன்ன காரணம், அதாவது இந்தக் கலை ஆதியில் இப்படி இல்லை என்பது, வலுவானதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர் சங்கங்களின் நிழலில் வளர்ந்த குழுக்கள் இவை. ஜி சுருதியில் அமைந்த பியூகிள் என்னும் பித்தளை ஊதுகொம்பும் முரசும் கொடியும்தான் அவற்றின் உடைமை. அந்தப் பியூகிளுக்கு 1977இல் இரண்டாவது வால்வும், 1990இல் மூன்றாவதும் வந்தன. கழுத்திலும் தோளிலும் மாட்டிச் சுமந்த தாளக் கருவிகளைத் தரையில் நிறுத்தி வாசிக்கலாம் என்று 1982இல் விதி தளர்ந்தது. 2000இல் ஜி சுருதிக் கட்டுப்பாடும் போயிற்று. ஒவ்வொரு தளர்வின்போதும் கலை செத்துவிட்டது என்று அழுதவர்கள் இருந்தார்கள். அந்தத் தளர்வுகளுக்குப் பின் பிறந்த நிகழ்ச்சிகளையே பொற்காலம் என்று கொண்டாடும் அடுத்த தலைமுறையும் வந்தது. தூய்மை என்று நாம் பெயரிட்டுப் போற்றுவது பல வேளைகளில் நம் பதினெட்டு வயதின் நினைவாக இருந்துவிடுகிறது.

மைக் வந்ததால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மை ஆகாது. மரிம்பா மென்மைக்கென்றே பிறந்த கருவி. நூல் சுற்றிய கோலால் அதன் மரச்சட்டத்தைத் தொட்டால் வட்டமான ஓர் ஒலி எழுந்து, உடனே மறைந்து போகும். திறந்த மைதானத்தில் எண்பது பித்தளைக் கருவிகளுக்கு முன் அந்த ஒலிக்கு என்ன கதி நேரும்? அரங்கின் மேல்தட்டுவரை கேட்க வேண்டுமென்று, கடினமான கோல்களை எடுத்து, கையை ஓங்கி, மரத்தை அடித்து நொறுக்குவதுபோல வாசித்தார்கள். எழுந்தது இசையின் சாயல் படிந்த தட்டொலி. எந்தக் கருவியை நேசித்து வந்தார்களோ அதன் இயல்புக்கு எதிராகவே உழைக்க வேண்டியிருந்தது. சட்டத்துக்கு அடியில் ஒரு மைக் வந்தவுடன் கை தணிந்தது, மென்கோல் திரும்பி வந்தது. ஒவ்வொரு கையிலும் இரண்டு கோல்களை இடுக்கிக்கொண்டு, ஒரு நீண்ட சுரத்தை நடுக்கமாக நிறுத்தி, அதைத் தேயவிடும் நுட்பத்துக்கு மைதானத்தில் உரிய இடம் கிடைத்தது. அந்தக் கை ஏற்கெனவே அறிந்திருந்ததையே மின்சாரம் வெளியே கொண்டுவந்தது. இதை ஓர் அறச்செயலாகவே நான் காண்கிறேன்.

ஆனால் அதே கம்பி வழியே இன்னொன்றும் வந்தது. டியூபாவைத் தோளில் ஏந்தி நடப்பவர் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பித்தளையைச் சுமந்துகொண்டு, முகத்தைத் திருப்பாமல், அடி பிசகாமல், அடிவயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளுகிறார். அப்படிப் பல தோள்கள் சேர்ந்தால்தான் ஓர் அடிச்சுரம் நிலைபெறுகிறது. இப்போது பல நிகழ்ச்சிகளில் அந்த அடிச்சுரத்தின் கீழே சிந்தசைசரின் தாழொலி ஒன்று பரவி நிற்கிறது. ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்டு இருக்கைகளை அதிரவைக்கிறது, நம்மையும் அதிரவைக்கிறது. ஆனால் அதிர்வு யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடிவதில்லை. ரசிகர்களில் ஒரு சாரார் இதைப் பிசின் என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒட்டவைத்து, எதையும் தனித்துத் தெரியவிடாத ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். டியூபாக்காரர் நன்றாக வாசித்தாலும் அந்த ஒலி இருக்கும், மோசமாக வாசித்தாலும் இருக்கும். அவருடைய உழைப்புக்கும் நம் அனுபவத்துக்கும் இடையே ஒரு நூல் அறுந்துவிட்டது. அறுந்ததை அவரே முதலில் உணர்வார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மைக்கிட்ட குரலும் இதே போன்ற ஒரு கேள்வியை எழுப்பியது. 2007இல் கேடட்ஸ் குழு தன் நிகழ்ச்சியினூடே உறுப்பினர்களின் பேச்சை நிறையவே வைத்தது. ரசிகர்களிடையே பெரும் மனக்கசப்பு எழுந்தது. சொன்ன சொற்களில் தீங்கு ஏதும் இல்லை. இசை எதைச் சொல்லாமல் நம்மிடம் விட்டுவைத்திருந்ததோ, அதை ஸ்பீக்கர் சொல்லிவிட்டது. நாமே பொருள் காணும் உரிமை சற்றே குறைந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. ஓஹையோவின் கேன்டன் நகரைச் சேர்ந்த புளூகோட்ஸ் குழு 2014இல் ஆடிய 'டில்ட்' நிகழ்ச்சியில், பித்தளையும் மின்னிசையும் ஒன்றுகலந்து, சுருதி முழுவதுமே ஒரு பக்கம் சாய்ந்து வழிவது போன்ற ஓசை எழுந்தது. மூச்சு மட்டும் தனியே இருந்தால் அந்த ஓசை பிறந்திருக்காது. மின்சாரம் மட்டும் தனியே இருந்தாலும் பிறந்திருக்காது. எண்பது பேர் ஒரே வேகத்தில், ஒரே சரிவில் சுருதியை இறக்கினால்தான் இயந்திரம் அவர்களோடு பொருந்தும். இயந்திரம் அங்கே அவர்களுடைய கடமையைக் குறைக்கவில்லை, கூட்டியது.

ஆகவே மைக் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதால் நாம் எங்கும் போய்ச் சேரமாட்டோம். ஒலி ஆகாயத்தின் குணம் என்றார்கள் நியாய வைசேடிக அறிஞர்கள். வெளி இல்லாமல் ஒலி இல்லை. ஒலிப்பவரையும் கேட்பவரையும் பிரிக்கும் அதே வெளிதான் இருவரையும் இணைக்கவும் செய்கிறது. தூரத்தைக் கடக்கப் பட்ட பாடு ஓசைக்குள் படிந்திருப்பதாலேயே, எங்கோ ஒரு மூலையில் நிற்கும் முகம் தெரியாத ஓர் இளைஞனின் மூச்சு நமக்கு வெறும் சத்தமாக இல்லாமல் ஒரு செய்தியாக வந்து சேர்கிறது. ஒரு சக்தி அந்தச் செய்தியைச் சுமந்து வரும்போது, மெலிந்ததற்குச் செவி தேடித் தரும்போது, நாம் அதை வரவேற்கக் கடமைப்பட்டவர்கள். அதே சக்தி செய்தியின் இடத்தில் தானே அமர்ந்துகொண்டு, உழைத்தவரையும் உழையாதவரையும் ஒரே முழக்கத்தால் மூடிவிட்டு, ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தாங்க வேண்டும் என்ற அவசியத்தையே அகற்றிவிடும்போது, குழு என்று நாம் அழைத்த ஒன்று வெறும் கூட்டமாக மாறத் தொடங்குகிறது. அந்த மாற்றம் மைதானத்தோடு முடிவதில்லை. மனிதர் கூடி உழைக்கும் எல்லா இடங்களிலும், கூட்டு முயற்சியின் விளைவை அதன் முயற்சியிலிருந்து பிரித்தெடுத்து எளிதாக்கும் எல்லா ஏற்பாடுகளிலும், ஒருவரையொருவர் கேட்டு வாழும் பழக்கம் தேய்ந்து போகும் அபாயமாக அது தொடர்கிறது.

இசையைச் சமன்செய்யும் மிக்சர் பலகையின் முன் பெரும்பாலும் ஒரு பயிற்றுநர் அமர்ந்திருக்கிறார். ஒரு பக்கம் ஓங்கினால் விரலால் ஒரு குமிழை இறக்கிவிடுகிறார். சரிசெய்தது அவர்தான் என்பதால் ஓங்கி வாசித்தவர் அதை அறியாமலே போகலாம். முன்பெல்லாம் அது பக்கத்தில் நிற்பவரின் பார்வையிலும், மறுநாள் வெயிலில் நூறு முறை திரும்பச் செய்த பயிற்சியிலும் சரியாயிற்று. இரண்டிலும் முடிவில் கேட்கும் ஓசை ஒன்றாகவே இருக்கலாம். அதை வாசித்தவர்கள் இருபத்திரண்டு வயதில் வீடு திரும்பும்போது கொண்டுபோவது ஒன்றாக இருக்காது. மதிப்பெண் தாளில் இதற்குக் கட்டம் ஏதும் இல்லை. விதி எழுதுபவர்களும் எந்தக் கருவியை அனுமதிப்பது என்று எழுதலாம். அது எதற்குத் துணை நிற்க வேண்டும் என்று எப்படி எழுதுவார்கள்? அந்தத் தீர்ப்பைக் குழுக்கள் ஒவ்வோர் ஆண்டும் தமக்குள்ளேயே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செலவையும் ஒரு வார்த்தை சொல்லிக் கடக்கலாம். ஸ்பீக்கர்களுக்கும் ஜெனரேட்டருக்கும் அவற்றை ஏற்றிச்செல்லும் லாரிக்கும் பணம் வேண்டும். 1970களில் நூற்றுக்கணக்கில் இருந்த குழுக்கள் இன்று சில பத்துகளாகச் சுருங்கியதற்கு மின்சாரம் காரணம் இல்லை, அந்தச் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆயினும் சிற்றூரிலிருந்து புதிதாக ஒரு குழு கிளம்ப நினைத்தால், வாசல் முன்னைவிட உயரமாகத்தான் இருக்கிறது. அடுத்த விதியை எழுதுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

போட்டிக்குச் சில மணி நேரம் முன்பு அரங்கத்துக்கு வெளியே, வாகன நிறுத்தத்தின் தார்த்தரையில் குழுக்கள் கைப்பழக்கம் செய்வதுண்டு. முரசு அடிப்போர் வளைவாக நின்று, வெறும் கையையும் கோலையும் நம்பி அடிக்கிறார்கள். பித்தளைக்காரர்கள் சற்றுத் தள்ளி ஒரே சுரத்தை நீட்டி நீட்டிச் சுருதி சேர்க்கிறார்கள். அதைக் கேட்கவென்றே ரசிகர்கள் முன்கூட்டி வந்து, கையெட்டும் தூரத்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். முதியவர்கள் மட்டும் நிற்பதாக எண்ண வேண்டாம். சிந்தசைசர் இல்லாத நிகழ்ச்சியை வாழ்நாளில் பார்த்தறியாத பள்ளிப் பிள்ளைகளும் அங்கே நிற்கிறார்கள். அன்றிரவு அரங்கத்துக்குள் புதிய ஒலிக்கு எழுந்து நின்று ஆரவாரம் செய்யப்போகிறவர்களும் அவர்களே.