உன் தோட்டத்துப் பாறையை நீயே செய்!

எனக்குக் கைவேலை வராது என்று சொல்லாதே. வராது என்று உனக்கு எப்படித் தெரியும்? என்றைக்காவது ஒரு சட்டிக் கலவை குழைத்துப் பார்த்தாயா? தோட்டத்து மூலையில் பாசி படர்ந்த ஒரு பாறை, அதன் இடுக்கில் ஒரு பெரணிச்செடி, பக்கத்தில் சின்னதாய் ஒரு தண்ணீர்த்தொட்டி என்று ஆசைப்பட்டாய். யாரோ சொன்ன கூலியைக் கேட்டுவிட்டு அந்த ஆசையை மடித்து உள்ளே வைத்துவிட்டாய். எடு அதை வெளியே! மலையை உடைத்து லாரியில் ஏற்றிவரும் கல் உனக்குத் தேவையில்லை. கோழிவலை, கட்டுக்கம்பி, சிமென்ட், மணல். இவ்வளவுதான் சரக்கு. எல்லாமே உன் தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

படிக்காதவன் என்கிறாயா? பிரான்சில் ஜோசப் மோனியே என்றொரு தோட்டக்காரர் இருந்தார். செடி வைத்த மரத்தொட்டிகள் ஈரத்தில் உளுத்தன, மண்தொட்டிகள் உடைந்தன. சிமென்ட்டுக்குள் இரும்பு வலையைப் புதைத்துத் தொட்டி செய்து பார்த்தார், உடையவில்லை. 1867இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அவர் எஞ்சினியரிங் கல்லூரி வாசலை மிதித்தவரில்லை. இன்று உன் வீட்டு மேல்தளத்துக்குள் ஓடும் கம்பிக்கும் அந்தப் பூந்தொட்டிக்கும் நேர் சொந்தம் உண்டு. நீ செய்யப்போகும் பாறைக்கும் அதே வம்சம்தான்.

இங்கிலாந்தில் பிராக்ஸ்போர்ன் ஊரைச் சேர்ந்த புல்ஹாம் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பாறை செய்தே பிழைத்தது. உள்ளே செங்கல்லும் உடைகல்லும், மேலே சிமென்ட் பூச்சு. லண்டன் பேட்டர்சீ பூங்காவில் 1860களில் அவர்கள் எழுப்பிய பாறைக்கூட்டம் இன்றும் நிற்கிறது. கலவையின் பெயரே 'புல்ஹாமைட்' ஆகிவிட்டது. உள்ளே செங்கல், மேலே பூச்சு என்றதும் உனக்கு ஏதாவது நினைவு வருகிறதா? நம் கோபுரத்துப் பொம்மைகள்! செங்கல்லை அடுக்கி மேலே சுதை பூசித்தானே நம் ஸ்தபதிகள் யாளியையும் துவாரபாலகரையும் எழுப்பினார்கள்? அதே வரிசைதான். இது உன் ஊருக்கு அந்நியமான வேலை இல்லை.

மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவின் டெக்சாசுக்குப் போன டியோனிசியோ ரோட்ரிகெஸ் சிமென்ட்டில் மரம் செய்தார், பாறை செய்தார், குகை செய்தார். மெம்பிஸ் நகரத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் 1935இல் வேலை தொடங்கி ஒரு முழுக் குகையையே கட்டி, உள்ளே படிகக் கற்களைப் பதித்தார். நிறக் கலவையின் பக்குவத்தை மட்டும் யாருக்கும் காட்டாமல் மறைத்தார். வித்தையைப் பூட்டி வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆகவே எனக்குத் தெரிந்ததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதல் வேலை கடைக்குப் போவதல்ல, பாறையைப் பார்க்கப் போவது. செஞ்சிக்குப் போ, யானைமலைக்குப் போ, ஒன்றும் முடியாவிட்டால் பல்லாவரத்துக் குன்றையாவது போய்ப் பார். செல்பி எடுக்காதே. உட்கார். வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது? ஒரு வெடிப்பு தனியாக அலையாது. அதற்கு இணையாக இன்னும் இரண்டு மூன்று ஓடும்; குறுக்கே வேறொரு கூட்டம் வெட்டும். சின்னப்பிள்ளை மின்னல் வரைவது மாதிரி நாம் கீறி வைக்கிறோமே, அங்கேதான் குட்டு உடைகிறது. மழையும் வெயிலும் பட்ட விளிம்பு மழுங்கியிருக்கும், அண்மையில் உடைந்த இடம் கூராக இருக்கும். சில பாறைகளில் மேல்தோல் தகடு தகடாக உரிந்து நிற்கும். மழைநீர் வழிந்த தடம் கறுத்திருக்கும், நிழல் பக்கம் வெளிர்ப் பாசித் திட்டுகள் இருக்கும், மண்ணைத் தொடும் அடியில் செம்மண் தெறித்த கறை இருக்கும். பாறை சாம்பல் நிறம் என்று யார் சொன்னது? அரைமணி நேரம் பார்த்தவனுக்கு அதில் ஏழெட்டு நிறம் தெரியும். "எனக்குக் கலை வராது" என்பவர்களில் பெரும்பாலோர் பார்க்கவே உட்காராதவர்கள். கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று நூறு தடவை கத்துவதைவிட, பாறை முன்னால் அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காருவது உனக்கு அதிகத் துணிச்சல் தரும். பார்த்ததை ஒரு பிடி களிமண்ணில் பிசைந்து பார்த்துவிட்டுத் திரும்பி வா.

இப்போது கையை அழுக்காக்கு. உறையைப் போட்டுக்கொள், சிமென்ட் தோலைச் சுடும், அதில் வீரம் காட்டாதே. மெல்லிய கம்பியை வளைத்துச் சட்டம் கட்டு. அதன்மேல் கோழிவலையை இரண்டடுக்காகப் போர்த்திக் கட்டுக்கம்பியால் இறுக்கு. கலவை உள்ளே விழாமலிருக்கப் பின்னால் பழஞ்சாக்கைத் திணி. ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல், தண்ணீர் குறைவாக. முதல் பூச்சை வலைக்குள் அழுத்தி ஏற்றி, ஈரமாக இருக்கும்போதே மேற்பரப்பைக் கீறிவிடு. அடுத்த பூச்சு அதில்தான் பிடிக்கும். இரண்டாம் பூச்சு கட்டைவிரல் பதிந்தால் தடம் நிற்கும் பக்குவத்துக்கு வரட்டும். அந்த நேரம்தான் உன் நேரம்! கசக்கிய பாலிதீன் தாளை வைத்து அழுத்து. நிஜக் கல்லை எடுத்து ஒற்று. கத்தியால் வெடிப்பை வெட்டு, நீ பார்த்த திசையிலேயே வெட்டு. பழைய பிரஷ்ஷால் தட்டு. கரண்டியால் மட்டும் வழவழவென்று தேய்த்துவிடாதே. சுவர் பூசிய கை அறியாமல் அதைத்தான் செய்யப் பார்க்கும்.

உச்சி வெயிலில் ஆரம்பிக்காதே. முடித்ததும் ஈரச்சாக்கைப் போர்த்தி, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டு. சிமென்ட் தன் முழு வலுவை எட்ட 28 நாள் ஆகும் என்பது கட்டட வேலைக்காரர்கள் கணக்கு. காய்ந்தபின் ஆக்சைடு நிறப்பொடியை நீர்க்கக் கரைத்து ஸ்பாஞ்சால் ஒற்று. வெளிர் நிறம் முதலில், கறுப்பு வெடிப்புக்குள். எனாமல் பெயின்ட் பக்கம் போகாதே. உரிந்து, பளபளத்து, மானத்தை வாங்கும்.

மொட்டைமாடியில் வைக்கப்போகிறாயா? ஒரு கன மீட்டர் கெட்டிக் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. அதனால்தான் உள்ளே வெற்றிடமாக, மூன்று நான்கு சென்டிமீட்டர் ஓடாக மட்டும் செய்யச் சொல்கிறேன். தரையில் வைத்தால் அடிப்பாகத்தை மண்ணில் புதை. மண்மேல் வைத்த பாறை வாங்கி வந்ததாகத் தெரியும், புதைத்த பாறை அங்கேயே முளைத்ததாகத் தெரியும். மீன் விடுவதானால் பொறு. புதுச் சிமென்ட் நீரைக் காரமாக்கும். நிரப்பி வடித்து, நிரப்பி வடித்து, காரம் குறைந்ததைச் சோதித்த பிறகு மீனை விடு.

"செயற்கைதானே, பொய்தானே" என்பார்கள். சொல்லட்டும். குன்றுகளைக் குடைந்து விற்கிற ஊரில் உன் ஓட்டுப் பாறையால் ஒரு கல்லாவது மலையிலேயே மிஞ்சும். (சிமென்ட்டும் சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் வருகிறது, ஆகவே ரொம்பவும் புனிதம் பேசாதே.)

உன் முதல் பாறை, மழையில் நனைந்து இறுகிய சிமென்ட் மூட்டை மாதிரி இருக்கும். இருக்கட்டுமே! அதைச் செடிக்குப் பின்னால் தள்ளு. எங்கே வெடிப்பு பொய்யாய்த் தெரிகிறது, எங்கே நிறம் தட்டையாகிவிட்டது என்று எழுதி வை. அடுத்ததை ஈரச்சாக்குக்குள் வைத்துத் தண்ணீர் காட்டும் அந்த ஏழு நாளும் சும்மா உட்காராதே. மீதிக் கோழிவலை மூலையில் கிடக்கிறது பார், மூன்றாவதற்கு வெட்டு!